விளக்கு மின்னுகிறது, எழுத்து வரவில்லை

தொண்டியிலிருந்து கேள்வி — 2025 ஏப்ரல் 21, மாலை

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா தட்டச்சுப் பள்ளி நடத்திய காலத்துக் கீபோர்டு ஒன்று கிடைத்தது. 1991 வாக்கில் வாங்கியது. கட்டைவிரல் தடிமனில் வட்டமான பிளக், உள்ளே ஐந்து ஊசி. அதை பிஎஸ்/2 (பழைய கணினிகளின் சிறிய வட்ட பிளக்) ஆக்க ஒரு அடாப்டர், அதிலிருந்து யூஎஸ்பி ஆக்க ஊதா நிறத்தில் இன்னொரு அடாப்டர் வாங்கி, இரண்டையும் கோத்து லேப்டாப்பில் செருகினேன். மூன்று விளக்கும் ஒருமுறை மின்னி அணைகின்றன. அதோடு சரி, ஓர் எழுத்துகூட வரவில்லை. விளக்கு மின்னினால் கீபோர்டு நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியானால் கெட்டது அடாப்டர்தான் என்கிறேன். சரியா?

பாம்பனிலிருந்து பதில் — ஏப்ரல் 21, இரவு

பாதி சரி. விளக்கு மின்னுவதற்கு என்ன பொருள் என்றால், 5 வோல்ட் உள்ளே போயிருக்கிறது, கீபோர்டின் மூளை விழித்துத் தன்னைத்தானே சோதித்திருக்கிறது. சோதனையில் தேறினால் அது ‘ஏஏ’ என்று ஒரு குறியீட்டை வெளியே அனுப்பும். அனுப்பியதை யாராவது காதில் வாங்கினார்களா என்பது வேறு கேள்வி.

உங்கள் ஊதா அடாப்டர் கெட்டிருக்க வாய்ப்பே இல்லை. கெடுவதற்கு அதற்குள் ஒன்றும் கிடையாது. உடைத்துப் பாருங்கள், நான்கு கம்பிதான் இருக்கும். பிஎஸ்/2, யூஎஸ்பி ஆகிய இரண்டு மொழிகளும் தெரிந்த கீபோர்டுகளுக்காகச் செய்த தக்கை அது. கீபோர்டுதான் எந்தத் துளையில் நிற்கிறோம் என்று பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளும், தக்கை வெறுமனே கம்பியை நீட்டும். யூஎஸ்பியின் முதல் வரையறையே 1996 ஜனவரியில்தான் வந்தது. 1991-ல் வாங்கிய கீபோர்டுக்கு அந்த மொழி எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தேவை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. உள்ளே சிறு சிப் வைத்த கன்வெர்ட்டர். கடையில் அடாப்டர் என்று கேட்டால் தக்கையைத்தான் கொடுப்பார்கள். பார்த்ததும் அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஒரு யூஎஸ்பி பிளக், சாண் நீளக் கம்பி, முனையில் ஊதாவும் பச்சையுமாக இரண்டு துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் துபாஷி. கட்டைவிரல் அளவுக் கட்டி என்றால் தக்கை.

முதல் அடாப்டர், அதாவது ஐந்து ஊசியைச் சின்ன பிளக்காக மாற்றுவது, அதுவும் வெறும் கம்பிதான். ஆனால் அது போதும். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் கீபோர்டும் 1987-ல் வந்த பிஎஸ்/2 கீபோர்டும் பேசுவது ஒரே மொழி, சட்டைதான் வேறு.

ஏப்ரல் 22

நேற்று விட்டுப்போனது. பழைய மேசைக் கணினியில் பிஎஸ்/2 துளை இருந்தால் அதில் சோதிக்கலாம். ஆனால் கணினியை அணைத்துவிட்டுச் செருகுங்கள். யூஎஸ்பி போல ஓடும்போது பிடுங்கிச் செருகும் ஏற்பாடு அல்ல அது. மதர்போர்டில் அந்தத் துளைக்கான சிறு பியூஸ் போனால் கீபோர்டு செத்தது போலவே தெரியும். நான் ஒரு நல்ல கீபோர்டைக் காயலான் கடைக்குப் போட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 24

‘நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்டதால் சொல்கிறேன், பெருமைக்காக அல்ல. (பெருமைக்காகத்தான்.)

ஐபிஎம் மாடல் எம். முதுகில் 1391401 என்று எண், 1989 என்று ஆண்டு. சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த அலுவலகத்தில் தூக்கிப் போட இருந்ததை, லுங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து 1994-ல் கொண்டுவந்தார். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து, இதென்ன ஆர்மோனியமா என்று கேட்டாராம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் நிற்கிறது. அழுத்தினால் ஒரு கட்டத்தில் அது சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, கீழே இருக்கும் சின்னஞ்சிறு சுத்தியலைத் தட்டும். சத்தம் அதிலிருந்துதான். பாம்பனில் என் டிடிபி கடையில் பத்து வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்தது. பிறகு கடைக் கணினியை மாற்றினேன், புதியதில் பிஎஸ்/2 துளை இல்லை, இது கட்டிலுக்கு அடியில் போனது.

போன மாதம் வெளியே எடுத்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் துபாஷி கன்வெர்ட்டர் வாங்கினேன், தக்கை அல்ல. செருகினேன். விளக்கு மின்னியது, எழுத்தும் வந்தது. பத்து நிமிடம் கழித்துச் செத்தது. பிடுங்கிச் செருகினால் மீண்டும் பத்து நிமிடம். சில நேரம் ஷிப்ட் அழுத்தியபடியே நின்றுவிடுகிறது. தொண்டிக்காரரே, துபாஷி வாங்கிவிட்டால் பாடு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 25

கண்டுபிடித்துவிட்டேன், மின்சாரம்தான். யூஎஸ்பியில் ஒரு கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரை 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்க வேண்டும், அதன்பின் கேட்டு வாங்கினால் 500 வரை. மொபைல் சார்ஜரைச் சோதிக்க வைத்திருக்கும் சிறு மீட்டரை நடுவில் செருகிப் பார்த்தேன்: 0.10, 0.11 என்று ஆடுகிறது. இந்தக் காலத்துச் சாதாரணக் கீபோர்டு இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். மலிவான கன்வெர்ட்டருக்கு மூச்சு வாங்குகிறது. கடைக்காரரிடம் நாளை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 27

மேலே எழுதியதில் கடைசி இரண்டு வாக்கியங்களை அடித்துவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்டும் விட்டேன், அதுதான் சங்கடம்.

தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகினேன். அதே பத்து நிமிடம். மின்சாரம் போதாமை என்றால் இது தீர்ந்திருக்க வேண்டும். பிறகுதான் கேபிளைப் பார்க்கத் தோன்றியது. மாடல் எம்மில் கேபிள் தனியாகக் கழன்று வரும், கீபோர்டின் பின்பக்கம் தொலைபேசி பிளக் போல ஒன்று செருகியிருக்கும். கழற்றி மல்டிமீட்டரில் முனைக்கு முனை அளந்தேன். தரைக்கம்பி 0.4 ஓம். 5 வோல்ட் கம்பி 8 ஓம், கேபிளை அசைத்தால் 6, விட்டால் 9. கணக்குப் போடுங்கள்: 0.1 ஆம்பியர் போகும் கம்பியில் 8 ஓம் என்றால் 0.8 வோல்ட் வழியிலேயே கழிந்துவிடுகிறது. 5 புறப்பட்டு 4.2 வந்து சேர்கிறது. மூளை தள்ளாடாமல் என்ன செய்யும்?

ஏப்ரல் 27, அரை மணி கழித்து

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பிளக்கின் தகடுகளில் பச்சைக் களிம்பு. உப்புதான், வேறென்ன. இங்கே கச்சான் காற்று அடித்தால் ஜன்னல் கம்பி வாரத்தில் துருவேறும், மின்விசிறி இறக்கையைத் துணியால் துடைத்தால் துணி கசகசக்கும். வாடை அடித்தாலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் கடல். 30 வருடம் இந்தக் காற்றில் கிடந்த செம்பு பச்சையாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எலுமிச்சைச் சாற்றில் பல்துலக்கும் பிரஷை நனைத்து மெல்லத் தேய்த்தேன். பிறகு இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு முறை அலசல். கடைசியில் மொபைல் பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. காயவிட்டு அளந்தால் 0.5 ஓம். குழாய் நீரில் மட்டும் அலசாதீர்கள், எங்கள் ஊர்க் குழாய் நீரே பாதிக் கடல்.

ஏர்வாடி நண்பர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். வேண்டாம் அண்ணே. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி உப்பைப் பிடிக்கும், எறும்பும் வரும்.

ஏப்ரல் 30

மூன்று நாளாக நிற்காமல் ஓடுகிறது. ஆனால் என்னால் ‘உப்பு’ என்று அடிக்க முடியவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அடிப்பது தமிழ்99, 1999-ல் அரசு ஏற்ற அமைப்பு. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘உப்பு’ அடித்தால் ‘ப்ப’ வருகிறது. ‘ஊர்’ அடித்தால் ‘ர்’. ‘ஒரு’ என்றால் ‘ர’. உ, ஊ, ஒ மூன்றும் போய்விட்டன. ஆங்கிலத்தில் பார்த்தால் அவை டி, இ, சி விசைகள். மேலே 3-ம், எஃப்2-ம்கூட ஊமை. கல்யாணப் பத்திரிகையில் ‘உற்றார் உறவினர்’ இல்லாமல் எப்படி?

இதில் நல்ல செய்தி என்னவென்றால், செத்தவை எல்லாம் ஒரே குடும்பம். கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. மாடல் எம்மில் 16 நெடுவரிசை, 8 குறுக்குவரிசை. விசையை அழுத்தினால் ஒரு நெடுக்கும் ஒரு குறுக்கும் தொட்டுக்கொள்ளும். 3, இ, டி, சி ஒரே நெடுவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. தனித்தனியாக இத்தனை விசைகள் ஒரே நாளில் சாகாது, ஒரு கோடு அறுந்திருக்கிறது. ஆகவே யாராவது ‘சில எழுத்துகள் வரவில்லை’ என்று எழுதினால் எவை எவை என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். விடை அதில்தான் இருக்கும்.

மே 3

திறக்க முடியவில்லை. நான்கே திருகாணிதான், ஆனால் 5.5 மில்லிமீட்டர் அறுகோணத் தலை, ஆழமான குழிக்குள். சாதாரண பாக்ஸ் ஸ்பானரின் சுவர் தடிமன், குழிக்குள் நுழையாது. மண்டபத்தில் மூன்று கடைகளில் கேட்டேன்.

படகு என்ஜின் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்குத்தான் தடை, விசைப்பலகைக்கு இல்லையே என்று கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. தடைக்காலத்தில்தான் அவருக்கு வேலை அதிகம், எல்லாப் படகும் கரையேறிப் பழுதுக்கு நிற்கும். ஆனாலும் டீ குடிக்கும் நேரத்தில் ஒரு பழைய பாக்ஸ் ஸ்பானரைச் சாணைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்துச் சுவரை ஓலைப் பருமனுக்குக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. ‘வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடு தம்பி’ என்றார்.

மே 4

திறந்தேன். உள்ளே என்னென்ன இருந்தது: மணல் ஒரு தேக்கரண்டி, பல்லி முட்டையின் ஓடு, 1990-களின் இருபத்தைந்து பைசா ஒன்று, எங்கிருந்து வந்ததோ ஒரு சோழி. தலைகீழாகத் திருப்பியதும் கறுப்பாகக் கடுகு போல ஏழெட்டு உதிர்ந்தன. எலிப்புழுக்கை என்று நினைத்தேன். இல்லை, இரும்புத் தகட்டோடு பிளாஸ்டிக் சட்டத்தைப் பிடித்திருக்கும் தலைகள் அவை. 35 வருடத்தில் பிளாஸ்டிக் நொறுங்கிவிடும். எண்ணிப் பார்த்ததில் பெரும்பாலானவை இன்னும் இருக்கின்றன, இப்போதைக்கு விட்டுவிட்டேன். நிறையப் போயிருந்தால் துளையிட்டு 2 மில்லிமீட்டர் திருகாணி போட்டு இறுக்க வேண்டும், அது ஒரு நாள் வேலை.

சின்ன சர்க்யூட் பலகை ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அதில் இரண்டு நாடாக்கள் செருகியிருக்கின்றன, ஒன்றில் 16 கோடு, மற்றதில் 8. நாடா என்பது பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட வெள்ளிக் கோடுகள்தான். குற்றம் பலகையிலா நாடாவிலா என்று பார்க்க எளிய வழி: நாடாக்களைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரைச் செருகி, ஒரு சிறு கம்பியால் பலகையின் துளைகளில் நெடுக்கு ஒன்றையும் குறுக்கு ஒன்றையும் தொட வேண்டும். தொட்டேன். திரையில் ‘உ’ விழுந்தது. பக்கத்துத் துளையில் ‘ஊ’. கீபோர்டே இல்லாமல், ஒரு துண்டுக் கம்பியால், ஐந்து நிமிடம் முயன்று ‘உப்பு’ என்று அடித்தேன். பலகை நலம், நாடாதான் நோயாளி.

நாடாவின் முனையில் அந்தக் கோடு மட்டும் கறுத்திருந்தது. பள்ளிக்கூடத்து அழிப்பானால் தேய்த்தால் பளபளப்பாகிவிடும். ரேடியோ காலத்திலிருந்து எல்லோரும் செய்வதுதான்.

மே 5

அழிப்பானால் தேய்க்காதீர்கள்.

மே 5, இரவு

காலையில் எழுதியபோது கோபத்தில் இருந்தேன். நடந்தது இது. கறுத்த கோடு தேய்த்ததும் உயிர்பெற்றது. உ, ஊ, ஒ திரும்பிவிட்டன. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை அரித்தது. பக்கத்துக் கோடுகளையும் பளபளப்பாக்கினேன். அச்சிட்ட வெள்ளி என்பது செம்புத் தகடு அல்ல, மைதான். ஒரு கோட்டின் முனையில் அரை அங்குலம் அழிப்பானோடு சேர்ந்து உருண்டு வந்துவிட்டது.

இப்போது 4, 5, ஆர் இருக்கும் நெடுவரிசையில் எட்டு விசைகள் ஊமை. அந்த எட்டில் எஃப் இருக்கிறது. தமிழ்99-ல் எஃப் என்றால் புள்ளி. புள்ளி போனதும் மெய்யெழுத்துகளுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. ‘கடல்’ என்று அடித்தால் ‘கடல’. என் ஊர்ப் பெயர் ‘பாம்பன’. இடையில் உள்ள ‘ம்ப’ மட்டும் தப்பியதற்குக் காரணம், அந்த இணைகளுக்குத் தமிழ்99 தானே புள்ளி வைத்துவிடும்.

‘இதற்குப் பேசாமல் கட்டிலுக்கு அடியிலேயே விட்டிருக்கலாம்’ என்று வீட்டில் சொன்னார்கள்.

மே 9

தொண்டிக்காரரே, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். துபாஷி வாங்கிச் செருகியும் எழுத்து வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கேபிளை அளங்கள், களிம்பு பாருங்கள் என்று மூன்று நாள் அலைக்கழித்தேன். நேற்று நீங்கள் அனுப்பிய படத்தில், கீபோர்டின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் நகக்கண் அளவில் சிறு சுவிட்ச் தெரிகிறது. ஒரு பக்கம் ‘எக்ஸ்’, மறுபக்கம் ‘ஏ’. அது எக்ஸ் பக்கம் நிற்கிறது.

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எக்ஸ் என்றால் எக்ஸ்டி: 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியும் 1983-ன் எக்ஸ்டியும் பேசிய மொழி. ஒருவழிப் பேச்சு அது, கீபோர்டு சொல்லும், கணினி கேட்கும், திருப்பி ஒன்றும் சொல்லாது. குறியீடுகளும் வேறு. எக்ஸ்டியில் ஆங்கில ஏ-வை அழுத்தினால் 1இ, ஏடியில் 1சி. விரலை எடுத்தால் எக்ஸ்டியில் 9இ, ஏடியில் எஃப்0 என்று சொல்லிவிட்டு மறுபடி 1சி. பிளக் மட்டும் இரண்டுக்கும் ஒரே ஐந்து ஊசி. அந்தக் காலத்தில் எந்தக் கணினிக்கு விற்பனையாகும் என்று தெரியாததால் பல கீபோர்டுகளில் இரண்டையும் வைத்து, நடுவில் சுவிட்சும் வைத்தார்கள். சந்தைத் துபாஷிகளுக்கு எக்ஸ்டி தெரியாது.

கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைத் தள்ளுங்கள். மின்சாரம் வரும்போதுதான் அது எந்தப் பக்கம் என்று பார்க்கும்.

மே 9, ஒரு மணி நேரம் கழித்து

தொண்டியிலிருந்து பதில் ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று வந்திருக்கிறது. பாம்பு அல்ல, எழுத்து வருகிறது என்று பொருளாம். இப்போது பார்த்தால் அவர் வீட்டுக் கதவில் இரண்டு பூட்டு இருந்திருக்கிறது. தக்கை ஒன்று, சுவிட்ச் ஒன்று. ஒன்றைத் திறந்தாலும் கதவு திறக்காது, திறக்காததால் திறந்த பூட்டையும் சந்தேகிப்போம்.

மே 11

விசை மூடிகளைக் கழுவுவது பற்றிக் கேட்டவருக்கு. மாடல் எம் மூடிகள் இழுத்தால் வந்துவிடும், எழுத்து அழியாது, பிளாஸ்டிக்கில் ஊறிய சாயம் அது. வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு கொஞ்சம், ஒரு மணி நேரம் ஊறல், பிறகு அலசல். கொதிநீர் வேண்டாம்.

நான் முதலில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினேன். காய்ந்தபின் ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைப் படலம், கருவாடு காயப்போட்டது போல. மறுபடி அலச ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்தேன். காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் அது. ‘குடிக்கிற தண்ணீரில் கீபோர்டுக்குத் தலைக்குளியலா’ என்று கிடைத்த வசவை இங்கே எழுதவில்லை.

101 மூடிகளை முறத்தில் பரப்பி நிழலில் காயவைத்தேன். காகம் ஒன்று எஸ்கேப் விசையைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தது. திருப்பிப் போட்டுவிட்டது, நன்றி.

மே 18

வெள்ளி மை வந்துவிட்டது. காரின் பின்கண்ணாடியில் பனி படியாமலிருக்கச் சூடேற்றும் கோடுகள் இருக்குமே, அவை அறுந்தால் பூச விற்கும் மை. ராமநாதபுரத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள், இந்த வெயிலில் கண்ணாடியை யார் சூடேற்றப் போகிறார்கள்? அஞ்சலில் வரவழைத்தேன்.

செய்த விதம்: கோட்டின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டி ஒரு சந்து விட்டேன். ஊதுபத்திக் குச்சியின் முனையைச் சீவி, மையில் தொட்டு, ஒரே இழுப்பு. இரண்டாவது முறை தொட்டால் திட்டாகிவிடுகிறது. டேப்பை மை ஈரமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் மையும் சேர்ந்து வரும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடிவிட்டு. மே மாதத்தில் பாம்பனில் ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பது என்ன என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

அளந்தேன், 3 ஓம். தாராளம். இங்கே 0.1 ஆம்பியரெல்லாம் ஓடாது, தொட்டதா இல்லையா என்று தெரிந்தால் போதும். மாட்டினேன். கடல். பாம்பன். புள்ளி வந்துவிட்டது.

மே 25

இனி அடாப்டர் பக்கம் திரும்பலாம். கடையில் வாங்கிய துபாஷி வேலை செய்கிறது என்றாலும் எனக்கு ஒரு குறை. 101 விசைக் கீபோர்டில் விண்டோஸ் விசை கிடையாது, அது பிறந்தபோது அப்படியொன்று தேவைப்படவில்லை. எதை எதற்கு மாற்றுவது என்று கடைத் துபாஷியிடம் சொல்ல முடியாது.

எனவே புரோ மைக்ரோ. ஏடிமெகா32யு4 சிப் உள்ள, சுண்டுவிரல் நீளப் பலகை. 5 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். டிஎம்கே என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால் அது துபாஷி ஆகிவிடும். நான்கு கம்பிதான்: 5 வோல்ட், தரை, கடிகாரம், தரவு. பிஎஸ்/2 பிளக்கில் 1 தரவு, 3 தரை, 4 மின்சாரம், 5 கடிகாரம். 2-ம் 6-ம் சும்மா. ஒரு பழைய நீட்டிப்புக் கம்பியை வெட்டி அதன் பெண் முனையைப் பயன்படுத்தினேன். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். என்னுடையதில் தரைக்கம்பி சிவப்பு! மல்டிமீட்டரில் ஒவ்வோர் ஊசிக்கும் கூவவைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கடிகாரக் கம்பிக்கும் தரவுக் கம்பிக்கும் ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் மின்தடையை 5 வோல்ட்டோடு சேர்த்தேன். இந்த இரண்டு கம்பிகளையும் கீபோர்டும் கணினியும் கீழே இழுக்கத்தான் முடியும், மேலே தூக்கிவிட ஆள் வேண்டும். மாடல் எம் கேபிள் நீளம், தூக்கிவிடும் கை பலமாக இருந்தால் நல்லது.

இப்போது கேப்ஸ் லாக் எனக்குத் தமிழ்-ஆங்கிலம் மாற்றும் விசை. 30 வருடம் தவறுதலாக மட்டுமே அழுத்திய ஒன்றுக்கு வேலை கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 1

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கேட்கிறார், ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறு பலகை விலை குறைவு, கையில் இருக்கிறது, அதைப் போடலாமா என்று. போடலாம், நேராகப் போடக்கூடாது. அதன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, கீபோர்டு 5 வோல்ட்டில் கத்தும். நடுவில் வோல்ட்டேஜ் மாற்றிப் பலகை ஒன்று வையுங்கள், இரண்டு வழியும் போகும் வகை. ‘நேராகப் போட்டேன், ஓடுகிறதே’ என்று இருவர் சொல்கிறார்கள். ஓடும். எத்தனை நாள் என்பதுதான்.

ஜூன் 8

ஏப்ரலில் கடைக்காரரிடம் கத்தினேன் அல்லவா, இன்று ராமநாதபுரம் போனபோது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், தவறு உங்கள் சரக்கில் இல்லை, என் கேபிளில் என்று. அவருக்கு என்னை நினைவே இல்லை. இரண்டு நிமிடம் விளக்கிய பிறகு, ‘அப்படியா சார், இன்னொன்று வேண்டுமா?’ என்றார்.

ரயிலில் திரும்பினேன். 2022 டிசம்பரில் பழைய தூக்குப்பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றதிலிருந்து பஸ்தான் என்று இருந்து, இப்போது புதுப் பாலம். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும் சத்தம் என் கடை வரை கேட்கும். புதியதில் அந்தத் தடக் தடக் குறைவு. வசதிதான், ஆனாலும்.

வந்ததும் அந்தக் கன்வெர்ட்டரைச் சுத்தமான கேபிளில் மறுபடி சோதித்தேன், நியாயமாக இருக்கட்டுமே என்று. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஆனால் ஷிப்டை அழுத்தியபடி வேகமாக அடித்தால் பத்தில் ஒருமுறை ஓர் எழுத்தை விழுங்குகிறது. புரோ மைக்ரோவில் அதே வேகத்தில் விழுங்கவில்லை. ஆகவே அதற்கு முழு விடுதலை இல்லை, சந்தேகத்தின் பலன் மட்டும். கடைக்காரரிடம் இதற்காக மறுபடி போகப்போவதில்லை.

ஜூன் 9

வைப்பது எப்படி என்று ஒருவர். முறுக்கு டப்பா அளவுக்குக் கீபோர்டு அடங்காது. நான் செய்வது: இரவில் பழைய பருத்திச் சேலைத் துண்டால் மூடுகிறேன், அதன்மேல் ஒன்றும் இல்லை. முன்பு பாலித்தீன் உறையில் கட்டி வைத்தேன், உள்ளே வியர்த்துப்போனது. ஈரத்தைப் பூட்டிவைப்பதைவிட உலவவிடுவது மேல். மாதம் ஒருமுறை கேபிளைக் கழற்றிப் பிளக்கைப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தால் எலுமிச்சை.

ஜூன் 16

தடைக்காலம் முடிந்து நேற்று படகுகள் போய்விட்டன. மெக்கானிக் கடையில் ஆள் இல்லை, நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தார். ஸ்பானர் எங்கே தம்பி என்று கேட்டார்.

தேவிபட்டினம் நண்பரே, ஒரு நாளில் தருகிறேன் என்று நீங்கள் வாங்கிப்போய் மூன்று வாரம் ஆகிறது. நான்கு திருகாணிதான். கழற்றிவிட்டீர்கள் என்றால் ராமேஸ்வரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள், பாம்பனில் நான் வாங்கிக்கொள்கிறேன்.